குடியிருப்போர்: இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையதுதான். வாரியத்தைப் பற்றி இனி நான் என்ன பொருமினாலும் அதை மனதில் வைத்துக்கொண்டே கேளுங்கள். அவர்கள் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் பதினான்காவது கேள்வி இது: 'படப்பிடிப்பு நடக்கவிருக்கும் வீட்டில் குடியிருப்போர் எத்தனை பேர்?' நான் 'இல்லை' என்று எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. நான் எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அந்த வீட்டில் என் அக்கா யாருடைய கால்சட்டைக்கோ ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். கண்ணாடியைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவேன், காதுக்குப் பின்னால் உறுத்துகிறது என்றால் சூடு காட்டி வளைத்துக் கொடுப்பேன், காலையிலிருந்து சாயங்காலம் வரை "இப்ப தெளிவாத் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். கடைக்கு மேலே ஒரே ஒரு அறை, அதில்தான் என் குடித்தனம். அக்கா நாலு தெரு தள்ளி, அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தாள். பத்திரத்தில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருந்தாலும் அது அவள் வீடுதான். நான் அங்கே ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போகிறவன், அவ்வளவே.

தெருப் பக்க ஜன்னலில் ஒரு பலகை தொங்கும்: 'நீளம் குறைத்துத் தரப்படும்.' புதுத்துணி தைப்பது அக்காவின் வேலை இல்லை. வாங்கின துணி உடம்புக்குச் சரியாக வராதவர்கள் அவளிடம் வருவார்கள். கால்சட்டை நீளம், இடுப்பில் பிடிப்பு, பல் போன ஜிப். ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அக்கா நாலு குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு, தரையில் முட்டி போட்டு, சாக்கட்டியால் குறி போடுவாள். வாயில் ஊசி இருப்பதால் அவள் பேசமாட்டாள். எதிரில் நிற்கிறவர்கள் பேசுவார்கள். உடம்பு இளைத்த கதை, வேலை போன கதை, பையன் பேச்சை நிறுத்திவிட்ட கதை எல்லாம் வரும். அக்கா "ம்" என்பாள். இதைப் பார்த்துக்கொண்டே சோற்றை விழுங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், இதைப் படமாக எடுத்தால் என்ன என்று எனக்குக் கிறுக்குப் பிடித்தது.

ஒரு பெண், ஒரு வீடு, ஒரு பகல். பதினோரு காட்சிகள். ஒரு கேமரா, ஒரு முக்காலி, ஜன்னல் வெளிச்சம். கல்யாண வீடுகளில் படம் பிடிக்கும் நண்பர் ஒருவர் கேமராவுக்கு ஒப்புக்கொண்டார். அவர் கேமரா கையில் இல்லாதபோதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டே பார்ப்பார் என்பதால் ஊரே அவரை 'ஒற்றைக்கண்' என்றுதான் கூப்பிடும். அக்காவிடம் கேட்டேன்.

"எடுத்துக்கோடா. வீடு என்ன தேஞ்சா போயிடும்?" என்றாள்.

"நீதான் நடிக்கணும்க்கா."

"நான் என் வேலையைப் பாக்குறேன். அதுக்கு நடிப்புன்னு பேர் வைக்கணும்னா வெச்சுக்கோ."

அந்த வாரமே ஆரம்பித்து அந்த வாரமே முடித்திருக்கலாம். ஆனால் வாரியத்தின் தயார்நிலைச் சான்றிதழ் இல்லாமல் எடுத்த படத்தை எங்கேயும் திரையிட முடியாது என்று ஒற்றைக்கண் சொன்னார். சான்றிதழ் வாங்கினால் ஒன்பது நாளைக்கு நல்ல கேமராவும் விளக்குகளும் இரவலாகத் தருவார்களாம். எனக்கு ஆசை வந்தது.

வாரியத்தின் முழுப் பெயர் 'சிறுமுதலீட்டுத் திரைப்பட முன்தயாரிப்பு ஊக்குவிப்பு வாரியம்'. மூன்று மாடிக் கட்டடம். வாசலில் பெரிய பலகை: 'பதினோரு ஆண்டுகள். 412 திட்டங்கள். விபத்துகள்: பூஜ்யம்.' எனக்கு மரியாதை பொங்கியது. முதல் ஜன்னலில் இருந்த குமாஸ்தாவிடம், இந்த நானூற்றுப் பன்னிரண்டில் ஏதாவது ஒன்றைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

"எதைப் பாக்கணும்?" என்றார்.

"படத்தை சார்."

"படமா? அதெல்லாம் இன்னும் யாரும் எடுக்கலையே. தயார் பண்ணிட்டு இருக்காங்க."

அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் கால் ஜன்னலருகிலேயே நின்றது. அவர் நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டுப் பக்கப் படிவத்தை எனக்காக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினார். ஒன்பதாம் பக்கத்தில் பதினான்காம் கேள்வி வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார்.

"இங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. ஆள் இருக்குன்னு போட்டீங்கன்னா, தலைக்கு ஒரு குடியிருப்போர் மனநிலைப் படிவம், இருபத்தொரு பக்கம். அப்புறம் மூணு நாள் வகுப்பு. சொந்த வீட்ல கேமரா முன்னால இயல்பா இருக்கறது எப்படின்னு சொல்லித் தருவாங்க. பரீட்சையும் உண்டு. அடுத்த வகுப்பு எட்டு மாசம் கழிச்சு."

"எங்க அக்கா இருக்காங்களே சார்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இருக்கட்டுமே சார். நான் என்ன அவங்களை இல்லாமப் போகவா சொல்றேன்? பேப்பர்ல இல்லைன்னு போட்டுருங்க. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

போட்டேன். மூன்று எழுத்து. எழுதி முடிக்க ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

அக்காவிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் இல்லையாமா? அப்போ கரண்டு பில்லையும் அவங்ககிட்டயே குடுத்துரு" என்றாள். ஆய்வாளர் வருகிற அன்று மட்டும் எதிரிலிருக்கும் இஸ்திரிக் கடையில் போய் உட்கார்ந்துகொள்வதாக ஏற்பாடு. இஸ்திரிக்கார அம்மாளும் அக்காவும் தெருவைத் தாண்டித் தினமும் சத்தம் போட்டுப் பேசிக்கொள்கிறவர்கள். ஒரு காலை நேரந்தானே, என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று நானும் இருந்தேன்.

தள ஆய்வாளர் அம்மாள் பத்து மணிக்கு என்று சொல்லிவிட்டு ஒன்பதே முக்காலுக்கு வந்து நின்றார். அக்கா கைக்குக் கிடைத்த நாலு துணியை வாரிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினாள். ஒற்றைக்கண்ணும் நானும் கூடத்தில் விறைத்துக்கொண்டு நின்றோம். ஆய்வாளர் கையில் ஒரு குட்டிச் சுத்தியல் வைத்திருந்தார். சுவரை இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார். பிறகு தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த டீ டம்ளரைத் தொட்டார்.

"யாரும் இல்லாத வீட்ல டீ சூடா இருக்கே?"

ஒற்றைக்கண்தான் காப்பாற்றினார், அல்லது கெடுத்தார். "செட் அலங்காரம் மேடம். மூணாவது சீன்ல அந்தப் பொம்பளை பாதி டீயைக் குடிச்சிட்டு எழுந்து போறா. பாதி இருக்கணும், சூடாவும் இருக்கணும்னு டைரக்டர் ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

ஆய்வாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்படி மரியாதையாக என்னை அதுவரை யாரும் பார்த்ததில்லை. பிறகு குளியலறைக்குப் போனார். பல் துலக்கும் பிரஷ் ஈரமாக இருந்தது. "காலைல நனைச்சீங்களா?" என்று அவரே கேட்டு, அவரே குறித்துக்கொண்டார். சீப்பில் சிக்கியிருந்த முடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "நரை, கறுப்பு ரெண்டும் கலந்து வெச்சிருக்கீங்க. வயசு நாப்பத்தஞ்சு, அம்பதுக்குள்ள. சரியா?" என்றார். சரிதான். அக்காவுக்கு நாற்பத்தெட்டு.

அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றார். "அக்கா இல்லையா? என் பேண்ட்டை இன்னிக்குத் தரேன்னாங்க. ஒரு கால்தான் முடிஞ்சிருக்குன்னு நேத்து சொன்னாங்க, எனக்கு நாளைக்கு இன்டர்வியூ" என்று படபடத்தார்.

"இவர் யாரு?"

"துணை நடிகர் மேடம்" என்றார் ஒற்றைக்கண்.

"பிரமாதம். அந்தப் பதட்டம் அசலா இருக்கு. இவரை மட்டும் மாத்திடாதீங்க." வாடிக்கையாளர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு கால் முடிந்த பேண்ட்டை அங்கேயே விட்டுவிட்டு, பின்னோக்கி நடந்தே வெளியேறினார்.

கடைசியாக ஆய்வாளர் மேசை மேலிருந்த கத்திரியை எடுத்தார். இரண்டு தடவை காற்றில் வெட்டிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். "இடக்கைக் கத்திரி" என்றார் மெதுவாக. "இவ இடக்கைக்காரி. அதை வசனத்துல சொல்லாம ஒரு கத்திரியில சொல்லியிருக்கீங்க." அக்கா பிறவி இடக்கை. அந்தக் கத்திரியின் அலகுகள் மாற்றிப் பூட்டியவை. எந்தக் கடையிலும் கிடைக்காது. எங்கேயோ எழுதிப்போட்டு ஐந்து மாதம் காத்திருந்து வரவழைத்தாள். அதையெல்லாம் நான் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

போகும்போது ஆய்வாளர் சொன்னது: "பதினோரு வருஷமா வீடு பாக்குறேன். ஆள் இருக்கிற வீட்ல இந்த உயிர் இருக்காது. எதையாவது நகர்த்திக்கிட்டே இருப்பாங்க, கலைச்சுக்கிட்டே இருப்பாங்க. வாழ்க்கையை ஒழுங்கா வைக்கணும்னா வீட்ல யாரும் இருக்கக் கூடாது."

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "என் எச்சில் டீக்கா மார்க்கு?" என்று அவளும் இஸ்திரிக்கார அம்மாளும் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. அதுதான் அவள் இந்த விஷயத்தில் சிரித்த கடைசித் தடவை என்று நினைக்கிறேன்.

அடுத்தது நடிகர் தேர்வு. குழு நேராகத் தளத்துக்கே வந்து கதாநாயகியைச் சோதிக்கும் என்று கடிதம் வந்தது. மூன்று பேர் வந்தார்கள், நடுவில் இருந்தவர் மட்டும் பேசினார். அக்கா வெளியிலிருந்து வருகிறவளாக வர வேண்டும். அந்த வீட்டு அழைப்பு மணி ஒரு சண்டி. அழுத்திக்கொண்டே சற்று இடப்பக்கம் தள்ளினால்தான் அடிக்கும். அக்கா முதல் தடவையே சரியாக அடித்துவிட்டாள். புதிதாக வருகிறவளுக்கு அது எப்படித் தெரியும்? கதவைத் திறந்தேன்.

"வாங்கக்கா. உள்ள வாங்க."

அக்கா என்று யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம், அதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் பிறந்ததிலிருந்து நான் அவளை 'வாங்க' என்று சொன்னதே இல்லை. அவள் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தாள். "சரிங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பை எங்கே விடுவது என்று கேட்டாள்.

"இந்த வீட்ல இருபது வருஷமா இருக்கிற பொம்பளை நீங்க. ஆரம்பிங்க" என்றார் நடுவர்.

அக்கா மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். நூலை நக்கிக் கோத்தாள். இன்டர்வியூக்காரர் விட்டுப்போன பேண்ட்டை எடுத்து, கை போன போக்கில் கத்திரியை எடுத்து, நறுக்கி, மடித்து, ஓரம் அடித்தாள். பல்லால் நூலைக் கடித்தாள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். வீட்டில் மிஷின் சத்தம் மட்டுந்தான். நான் எடுக்க நினைத்த படம் அதுதான். அது என் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது, கேமராதான் இல்லை.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்றார் நடுவர்.

"முடிச்சே முடிச்சுட்டேங்க. ரெண்டு காலும் இப்ப சமமா இருக்கு."

மூவரும் குசுகுசுத்தார்கள். நடுவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வாசித்தார். "நூத்துக்கு இருபத்திமூணு. இந்த வீட்டை இவங்க பார்க்கவே இல்லை. இங்கயே வாழறவங்க சுவரைத் தடவிப் பார்ப்பாங்க, ஜன்னல்கிட்ட நின்னு ஒரு பெருமூச்சாவது விடுவாங்க. கத்திரியைப் பார்க்காமலே எடுத்தாங்க. அது எங்க இருக்குன்னு ஒத்திகை பார்த்துட்டு வந்தது அப்பட்டமாத் தெரியுது. அப்புறம் அந்த இடது கை. கஷ்டப்பட்டுப் பழகினது, இயல்பா வரல." பேப்பரை மடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "டைரக்டர் என்ன நினைக்கிறீங்க?"

சொல்லியிருக்கலாம். ஐயா, இது இவள் வீடு, அது இவள் கை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் மனதில் ஓடியதெல்லாம் அந்தத் தொண்ணூற்றாறு போய்விடுமே என்பதுதான்.

"நீங்க சொல்றது சரிதான் சார்" என்றேன். "இந்த வீட்டுக்கு ஒட்டல."

அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் சேர்த்தேன். இன்றுவரை ஏன் சேர்த்தேன் என்று எனக்கு விளங்கவில்லை.

அக்கா பேண்ட்டை மடித்து மேசை மேல் வைத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக "வரேங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டு வாசல் வழியாக வெளியே போனாள். குழு கிளம்பியதும் இஸ்திரிக் கடைக்கு ஓடினேன்.

"இருபத்திமூணாடா? பரவால்ல, பள்ளிக்கூடத்துல இதைவிடக் கம்மி" என்றாள். சிறிது நேரம் கழித்து, "ஒட்டலைன்னா சொன்ன?" என்று கேட்டாள்.

"அவங்களுக்காகச் சும்மா சொன்னேன்க்கா."

"ம்" என்றாள். வாயில் ஒரு ஊசிகூட இல்லை.

வேறு கதாநாயகியை வாரியமே தன் பட்டியலிலிருந்து பிறகு ஒதுக்கும் என்றார்கள். அதற்கு முன்னால் இன்னொரு கடிதம் வந்தது. பாராட்டுக் கடிதம். சினிமாவில் தொடர்ச்சி என்று ஒன்று உண்டு. ஒரு காட்சியில் இடப்பக்கம் இருந்த டம்ளர் அடுத்த காட்சியில் வலப்பக்கம் போய்விடக் கூடாது. எங்கள் தளம் அவ்வளவு தத்ரூபமாக அமைந்திருப்பதால், படப்பிடிப்பு வரை அதில் ஒரு பொருளும் அசையாமல் தொடர்ச்சி காக்கப்படும் என்று வாரியம் ஏகமனதாக முடிவெடுத்திருந்தது.

இரண்டு ஊழியர்கள் இரண்டு நாள் உட்கார்ந்து, வீட்டிலிருந்த ஒவ்வொரு பொருளுக்கும் எண் ஒட்டிப் படம் எடுத்தார்கள். அறுநூற்றுப் பதினாலு பொருள்கள். ஜன்னல் பலகை மூன்று. பல் பிரஷ் எண்பத்தெட்டு. பாதி டீ நூற்று முப்பத்தொன்று. இடக்கைக் கத்திரி இருநூற்றுப் பன்னிரண்டு. வாசலில் ஒரு காவலாளியைப் போட்டார்கள். தினமும் பத்து மணிக்கு அவர் டீ போட்டு, டம்ளரில் பாதி அளவுக்குச் சூடாக ஊற்றி வைக்க வேண்டும். அடுத்த நாள் காலை அதைக் கீழே கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். குடிக்கக் கூடாது.

அக்கா மாற்றுத்துணி நாலை எடுத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டாள். அவற்றுக்கும் எண் ஒட்டியாகிவிட்டது. கட்டிய துணியோடு இஸ்திரிக் கடையின் பின்னறைக்குப் போனாள். என் அறைக்கு வரச் சொன்னேன். ஒப்புக்குச் சொன்னேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். "உன் ரூம்ல உன் படிவம் படுக்கவே இடமில்லையே" என்றாள்.

பலகை ஜன்னலிலேயே தொங்கியது. வாடிக்கையாளர்கள் வழக்கம்போல வந்தார்கள். காவலாளி அவர்கள் பெயரைத் துணை நடிகர்கள் பட்டியலில் எழுதிக்கொண்டு, கூப்பிடும்போது வரச்சொல்லித் திருப்பி அனுப்பினார். சிலர்தான் எதிர்க்கடையில் அக்காவைக் கண்டுபிடித்தார்கள். அவள் இரவல் மிஷினில் தைத்தாள். கடையில் வாங்கிய சாதாரணக் கத்திரி அவள் கைக்கு வரவில்லை. அலகு துணியை வெட்டாமல் மடித்துக்கொண்டு போகும். இறுக்கிப் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரலில் கொப்புளம் வந்து, அது உடைந்தது. ஒருநாள் ஒரு ஆள் பேண்ட்டோடு திரும்பி வந்து நின்றார். ஒரு கால் ஒரு விரற்கடை குட்டை. இத்தனை வருடத்தில் அவளிடம் கொடுத்த துணி குறை என்று திரும்பி வந்ததில்லை. அவள் அந்த ஆளிடம் ஒன்றும் வாதாடவில்லை. என்னிடந்தான் சொன்னாள்.

"வீடு கெடக்கட்டும்டா. அந்தக் கத்திரியை மட்டும் எடுத்துக் குடுத்துடு. இப்படியே போனா ஒருத்தரும் வர மாட்டாங்க."

மறுநாள் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வாரியத் தலைவரைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்றுதான் போனேன். படிக்கட்டு முழுக்க வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே ஏறினேன். அறைக்குள் நுழைந்ததும், "வாங்க தம்பி, தொண்ணூத்தாறு" என்று எழுந்து நின்று கை கொடுத்தார். மனப்பாடம் செய்தது எங்கே போனதென்று தெரியவில்லை.

"சார், ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். அந்த வீட்ல யாராவது குடியிருந்தாங்கன்னா?"

தலைவர் சாய்ந்து உட்கார்ந்தார். "இல்லைன்னு நீங்க எழுதியிருக்கீங்க. ஆய்வாளர் நேர்ல பார்த்து இல்லைன்னுட்டாங்க. குழுவும் பார்த்தாச்சு. மூணு தடவை இல்லைன்னு ஆனவங்க திரும்ப இருக்கணும்னா, அவங்கதான் விண்ணப்பம் போடணும்."

"போட்டா வாங்கிப்பீங்களா சார்?"

"ஏன் வாங்க மாட்டோம்? குடியிருக்கிற முகவரியோட போடணும். ஆனா அந்த முகவரியிலதான் யாரும் இல்லையே." அவரே அதை ரசித்துச் சிரித்தார். "அப்புறம் பொய்யா எழுதினவங்க திட்டத்தை ரத்து பண்ணணும். உங்களைச் சொல்லல தம்பி. நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்ல."

டீ வரவழைத்தார். பிறகு என்னை ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்த் தோளில் கை போட்டார். "ஒண்ணு சொல்றேன் கேளுங்க. படம் எடுக்கறது யார் வேணும்னாலும் பண்ணலாம். எடுத்தா என்ன ஆகும்? ஒருத்தன் நல்லா இருக்கும்பான், ஒருத்தன் நல்லா இல்லைம்பான். எதுக்கு அந்த வம்பு? எடுக்காத படத்தைப் பத்தி இதுவரைக்கும் ஒரு குறை வந்ததுண்டா? பதினோரு வருஷம், நானூத்திப் பன்னிரண்டு திட்டம், ஒரு குறை கிடையாது. உங்களோடது நானூத்திப் பதிமூணு. உங்க வீட்டைத்தான் மாதிரித் தளமா அறிவிக்கப் போறோம். சான்றிதழ் விழாவும் அங்கயே."

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கீழே இறங்கி வரும்போது, கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று என்று ஒரு திருப்திகூட வந்தது. கத்திரியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை என்பது தெருமுனை வந்தபிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்பி ஏறலாம் என்று நின்றேன். ஏறவில்லை.

"பேசிட்டேன்க்கா. பாக்குறேன்னு சொல்லியிருக்காரு" என்று அக்காவிடம் சொன்னேன். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அக்காவும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பாள். "சரி, நீ சாப்ட்டியா?" என்றுதான் கேட்டாள்.

விழா நாள் வந்தது. வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தலைவர், ஆய்வாளர், குழுவின் மூவர் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒற்றைக்கண் வாரியத்துக்காகப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருடத்தில் என் படத்தின் பேரில் அவர் தொட்ட ஒரே கேமரா அதுதான். தலைவர் சான்றிதழைக் கொடுத்து, படப்பிடிப்புத் தேதி உரிய காலத்தில் அறிவிக்கப்படும் என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் கையில் சான்றிதழ் இருந்ததால் சத்தம் சரியாக வரவில்லை.

அப்போதுதான் அக்கா தெருவைத் தாண்டி வந்தாள். இடது கட்டைவிரலில் ஒரு துணிக்கிழிசல் சுற்றியிருந்தது. யாரையும் பார்க்காமல் நேராக வாசல் மேசைக்குப் போனாள். காவலாளி வருகைப் பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். பெயரை எழுதினாள். 'வந்த காரணம்' என்ற இடத்தில் 'கத்திரி' என்று எழுதினாள்.

"பொருளெல்லாம் வெளிய போக முடியாதும்மா. பார்த்துட்டு வரலாம்" என்றார் காவலாளி. "இந்தக் கட்டத்தையும் ரொப்பிடுங்க."

குழுவின் மூவருக்கு அவளை நினைவில்லை போல. தலைவர் என் காதருகே குனிந்தார். "யாரு தம்பி இவங்க?"

"எதிர்ல இஸ்திரிக் கடையில இருக்காங்க சார்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

"பார்த்தீங்களா, அக்கம்பக்கத்துல எவ்வளவு ஆர்வம்" என்று அவர் மகிழ்ந்துபோனார். ஒற்றைக்கண்ணிடம் ஒரு படம் எடுக்கச் சொன்னார். ஒற்றைக்கண் கேமராவைத் தூக்கினார், பிறகு இறக்கிவிட்டார். அன்று முதல் தடவையாக இரண்டு கண்ணையும் திறந்து என்னைப் பார்த்தார்.

அக்கா குனிந்தபடியே இருந்தாள். அந்தக் கட்டத்தில் அச்சடித்திருந்தது: 'இத்தளத்துடன் தங்களுக்குள்ள தொடர்பு.' பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நிமிர்ந்து, அத்தனை பேருக்கு நடுவில் என்னைப் பார்த்தாள்.

"இதுல என்னங்க எழுதட்டும்?"

எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. தலைவரின் கை என் தோளில் இருந்தது.

"இல்லைன்னு போட்டுருங்கக்கா" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

அக்கா எழுதினாள். கட்டைவிரல் வலியில் எழுத்து மெதுவாக வந்தது. எழுதி முடித்துப் பேனாவை மூடி வைத்துவிட்டு, உள்ளே போகாமல் வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தாள். மணி பத்து. காவலாளி அவளைத் தாண்டிக்கொண்டு கெட்டிலோடு உள்ளே போனார். மிஷினுக்குப் பக்கத்திலிருந்த டம்ளரில் பாதி அளவு ஊற்றினார். ஆவி பறந்தது.

"சர்க்கரை போட்டீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"யாரும் குடிக்கறதில்லையேம்மா, எதுக்குச் சர்க்கரை?"

"ரெண்டு ஸ்பூன் போடுங்க. இந்த வீட்ல இருந்தவங்க அப்படித்தான் குடிப்பாங்க."

சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டிப் போய்விட்டாள். தலைவர் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கவனிப்பு" என்றார். "டைரக்டர், இதைக் குறிச்சுக்கோங்க."

நான் குறித்துக்கொண்டேன்.